அடங்கா உந்தலும் நடத்தைக் கோளாறும்: ஒரு வரலாற்று நோக்கு

தீது இன்னதென அறிந்தும் அதனைச் செய்யாது நிற்க இயலாதவன் குற்றவாளியா, நோயாளியா? இவ்வினா மிகப் பழையது. சமய நூலார் அத்தகைய செயலைப் பாவம் என்றனர். சட்ட நூலார் குற்றம் என்றனர். மருத்துவ நூலார் அதனைத் தம் ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொண்டு இரு நூற்றாண்டுகள் கழிந்துவிட்டன. இக்காலத்தில் அவர்கள் இட்ட பெயர்கள் பல. அவற்றுட் பெரும்பாலானவை வழக்கொழிந்தன. எனினும், பெயர்கள் மாறிய இவ்வரலாற்றினூடே ஒரு கருத்து மெல்ல மெல்லத் தெளிவுற்று வந்துள்ளது. தன்னைத்தான் அடக்கும் ஆற்றல் பிறவியிலேயே நிறைவுற அமைந்து கிடப்பதன்று. உடலும் உறவும் துணைநிற்ப வளர்வது என்பதே அக்கருத்தாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் அறிஞர் பலர், ஆங்கில மெய்யியலாளர் யோன் லொக்கைப் பின்பற்றி, பித்து என்பது அறிவின் பிழையே எனக் கருதினர். இக்கொள்கையை அசைத்தவர் பாரிசு நகர மருத்துவர் பிலிப் பினெல் ஆவார். பித்தரைச் சங்கிலியாற் பிணிப்பதை விடுத்துப் பரிவோடு பேணுதல் வேண்டும் என்ற இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவராகிய அவர், 1801இல் வெளியிட்ட நூலில், அறிமயக்கம் இல்லாத பித்தினை விவரித்தார். அவர் காட்டிய நோயாளருள் ஒருவன், தாயின் மிகுந்த செல்லத்தால் எவ்வாசையும் மறுக்கப்படாது வளர்ந்த ஒரே மகன். அவன் தன் சொத்துக்களை நன்கு நிருவகித்தான். பிறர்க்கு உதவியும் செய்தான். ஆயினும் சினம் எழுந்தபொழுது எதிர்ப்பட்டாரைத் தாக்கினான். முடிவில், தன்னை இகழ்ந்து பேசிய பெண்ணொருத்தியைக் கிணற்றினுள் எறிந்தான். அறிவு தெளிவாக நிற்ப, அடக்கம் மட்டும் அழிந்த நிலை அது.

பினெல் திறந்த வழியிற் பலர் சென்றனர். அவர்தம் மாணவர் எஸ்கிரோல், உள்ளத்தின் ஒரு பகுதியை மாத்திரம் பற்றும் பித்து உண்டென்றார். அக்காலப் பிரான்சிய மருத்துவர்களால் திருட்டு வெறி, தீவைப்பு வெறி முதலாய பெயர்கள் வழங்கலாயின. பிரித்தானியாவில், பிறிஸ்ரல் நகர மருத்துவர் பிறிச்சாட் 1835இல் ஒழுக்கப் பித்து என்னும் தொடரை நிலைநாட்டினார். ஆனால் இப்பெயர்களுள் ஓர் இடர் மறைந்திருந்தது. ஒருவன் ஏன் திருடுகின்றான் எனின், திருட்டு வெறியினால் என்பர். அவனுக்குத் திருட்டு வெறி உண்டென்பது எவ்வாறு தெரியும் எனின், அவன் திருடுவதனால் என்பர். பெயரிடுதல் வேறு, காரணங் காட்டுதல் வேறு என்பதை அக்காலத்தார் பலர் மறந்தனர்.

இவ்விடரை முதலில் உணர்ந்தது நீதிமன்றமாகும். 1843ஆம் ஆண்டு தை மாதத்தில், பித்தேறிய மக்னோற்றன் என்பவன் பிரித்தானியப் பிரதமர் றொபேட் பீலின் செயலாளரைச் சுட்டான். அவர் சில நாளில் இறந்தார். யூரிமார் அவனைக் குற்றவாளியல்லன் என விடுத்தமை நாட்டிற் பெருங் கொதிப்பை விளைத்தது. அதன்பின் நீதிபதிகள் வகுத்த விதி, தான் செய்வது இன்னதென்றோ, அது தவறென்றோ அறியமாட்டாதவனுக்கே விலக்களித்தது. அறிந்தும் அடக்க இயலாதவனுக்கு அதில் இடமில்லை. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவும் அறிவையே அளவுகோலாகக் கொண்டது. ஐக்கிய அமெரிக்காவின் சில மாநிலங்கள் அடக்கவொண்ணா உந்தலையும் விலக்காக ஏற்றன. எனினும், அடக்க முடியாத உந்தலையும் அடக்கப்படாத உந்தலையும் பிரித்தறிவது எங்ஙனம் என்ற கேள்விக்கு எளிய விடை எங்கும் கிடைக்கவில்லை.

வளர்ந்தோரை விடுத்துக் குழந்தைகளை நோக்கியபொழுதே ஆராய்ச்சி புதுவழி கண்டது. 1902இல் இலண்டன் அரச மருத்துவர் கல்லூரியிற் குழந்தை மருத்துவர் யோர்ஜ் ஸ்ரில் மூன்று விரிவுரைகள் ஆற்றினார். அறிவுக் குறைவோ வெளிப்படையான உடல்நோயோ இல்லாதிருந்தும், தம்மை அடக்கமாட்டாத 20 குழந்தைகளை அவர் விவரித்தார். அவர்களுள் 15 பேர் ஆண்கள். அப்பொழுதைய இன்பத்தை விரும்பி, பிறர் நலனையும் தம் பின்னலனையும் மறத்தலே அவர்களிடங் கண்ட குறையாகும். அடக்கம் வயதோடு வளர்வதாதலின், ஒரு குழந்தையை அதன் வயதொத்த குழந்தைகளோடு ஒப்பிட்டே மதிப்பிடல் வேண்டும் என அவர் வற்புறுத்தினார். 1917 முதல் பரவிய உறக்க மூளையழற்சி நோய் இதற்கு வேறொரு சான்று அளித்தது. நற்பண்புடையராயிருந்த சிறுவர் சிலர், அந்நோயினின்று பிழைத்தபின் பொய்யும் களவும் தாக்குதலும் உடையராயினர். மூளையின் ஊறு ஒழுக்கத்தையும் மாற்றவல்லது என்பது ஐயத்திற்கு இடமின்றித் தெரிந்தது.

ஆயினும், மூளை மாத்திரமே காரணம் அன்று. 1899இல் சிகாகோ நகரிற் சிறுவர் நீதிமன்றம் நிறுவப்பட்டது. அங்கு வரும் சிறுவரை ஆராய 1909இல் வில்லியம் ஹீலி அமர்த்தப்பட்டார். ஒவ்வொரு சிறுவனின் உடல், உள்ளம், வீடு, தோழர் யாவற்றையும் தனித்தனி ஆராய்ந்த அவர், குற்றத்திற்கு ஒரே காரணம் என்பது இல்லை என 1915இல் எழுதினார். முதலாம் உலகப்போரின் பின் ஒஸ்திரியாவில் ஓகஸ்ற் ஐக்ஹோன் நடத்திய இல்லத்தில், எவர்க்கும் அடங்காத சிறுவர் ஒரு குழுவாகச் சேர்க்கப்பட்டனர். அவர்கள் தளபாடங்களை உடைத்தனர், யன்னல்களை நொறுக்கினர். ஆசிரியர் தண்டிக்கவில்லை; ஒருவரையொருவர் ஊறுசெய்யாவண்ணம் மட்டும் காத்தனர். எதிர்ப்பைக் காணாத சினம் உச்சத்தை அடைந்து, பின்பு கண்ணீராக மாறிற்று. அன்பும் பொறுமையும் பெற்ற அச்சிறுவர் படிப்படியாகத் திருந்தினர்.

இலண்டனில் யோன் பௌல்பி 1944இல் வெளியிட்ட ஆய்வு, களவு செய்த 44 சிறுவரை ஆராய்ந்தது. அன்புணர்ச்சியே அற்றவராகக் காணப்பட்ட 14 பேருள் 12 பேர் இளமையில் நெடுங்காலம் தாயைப் பிரிந்திருந்தவர். ஆராயப்பட்டோர் தொகை சிறிது. பிரிவு ஒன்றே காரணமாகாது எனப் பின்வந்தோர் எடுத்துக்காட்டினர். எனினும், இளமையுறவின் சிறப்பினை உலகம் அதனால் உணர்ந்தது.

இவ்வரலாற்றில் ஆசிரியர்கள் மறக்கலாகாத ஆய்வொன்று 1966இல் வெளிவந்தது. அமெரிக்காவின் சென் லூயி நகரிற் குழந்தை வழிகாட்டல் நிலையமொன்றுக்கு வந்த 524 சிறுவர், முப்பது ஆண்டுகளின் பின் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை லீ றொபின்ஸ் அம்மையார் தேடிக் கண்டார். சமூகத்திற்கு மாறாக வாழ்ந்த வளர்ந்தோர் ஏறக்குறைய யாவரும் சிறுவயதிலும் அவ்வாறே நடந்தவர். ஆனால், அவ்வாறு நடந்த சிறுவரிற் பெரும்பாலோர் அத்தகைய வளர்ந்தோர் ஆகவில்லை. முதற்கூற்றை மட்டும் அறிந்தோர் குறும்புச் சிறுவனைக் கண்டு நம்பிக்கை இழப்பர். இரண்டையும் அறிந்தோர் அவனைக் கைவிடார். 1993இல் ரெறி மொபிற் அம்மையார், இளமை தொட்டு நீடிக்கும் கோளாறு வேறு, பருவ வயதிலே தோன்றிப் பெரும்பாலும் அப்பருவத்தோடு ஒழியும் கோளாறு வேறு என வகுத்து இக்கருத்தை மேலும் விளக்கினார்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் வெளியிட்ட வகையீட்டில், நடத்தைக் கோளாறும் உந்தலடக்கக் கோளாறுகளும் வெவ்வேறு இடங்களிலே வைக்கப்பட்டன. 2013இல் அவை ஒரே அதிகாரத்தின்கீழ் வந்தன; சூதாட்ட நோயோ போதைப் பழக்கங்களோடு சேர்க்கப்பட்டது. இவ்வகையீட்டின்படி ஒரு சிறுவனுக்கு நடத்தைக் கோளாறு உண்டெனக் கூறுதற்கு, தாக்குதல், பொருளழிவு, வஞ்சனை அல்லது களவு, பெருவிதி மீறல் என்னும் நான்கு வகைப்பட்ட 15 குறிகளுள் மூன்றேனும் ஓராண்டுக்குள் காணப்படல் வேண்டும். ஒருநாட் குறும்பு நோயாகாது.

பேணும் முறையிலும் வரலாறு நல்ல பாடத்தைத் தந்துள்ளது. 1970களில் அமெரிக்காவிற் சிறுவரைச் சிறைச்சாலைக்கு அழைத்துச் சென்று கைதிகளாற் பயமுறுத்தும் திட்டங்கள் பெரும்புகழ் பெற்றன. பின்னர் முறையாக ஒப்பிட்டு நோக்கியவிடத்து, அவை குற்றத்தைக் குறைக்கவில்லை, மிகுவித்தன. மாறாக, ஒறிகன் மாநிலத்திலே ஜெறல்ட் பற்றேசனும் துணைவரும் பெற்றோரைப் பயிற்றினர். பிள்ளையின் கூச்சலுக்குப் பணிந்து ஒருநாள் கொடுப்பதும், மறுநாள் அதனினும் உரத்துக் கத்தி அடிப்பதும் கோளாற்றை வளர்க்கும். நற்செயலை உடனே பாராட்டி, தீச்செயலுக்கு மாறாத சிறு விளைவை அமைப்பது அதனைக் குறைக்கும் என அவர்கள் கண்டனர். இன்று உலகெங்கும் பரவியுள்ள பெற்றோர் பயிற்சி முறைகளின் அடிப்படை இதுவாகும்.

குற்றவாளியா, நோயாளியா என்ற வினாவை இவ்வரலாறு முற்றாகத் தீர்த்துவிட்டது எனல் பொருந்தாது. நீதிமன்றங்களில் அது இன்னும் எழுகின்றது. ஆனால் சிறுவரைப் பொறுத்தவரை அதனினும் பயனுடைய வினா ஒன்று பிறந்துள்ளது. இவனிடம் அடக்கம் வளராமைக்குத் தடையாயிருந்தது யாது, அத்தடையை நீக்குவார் யாவர் என்பதே அவ்வினா. பினெல் கண்டவன் வாழ்நாள் முழுவதும் அடைக்கப்பட்டான். அவன் சிறுவனாயிருந்த காலத்தில் இவ்வினாவைக் கேட்பார் எவரும் இலர். இன்றைய சிறுவன் முன்னிலையில் அதனைக் கேட்கத்தக்கோர் அவனுடைய பெற்றோரும் ஆசிரியருமே ஆவர்.