குறுகிய வளைவுகளில் வேகக் கார் ஓட்டும் முறைகள் (கிள்ளான் பள்ளத்தாக்கு)

குறுகிய வளைவுகளில் ஓட்டும் முறைகள் என்பவை, ஆற்றல் மிக்க காரை டயரின் பிடி விடாமல் வளைவுக்குள் செலுத்தி, இயன்ற அளவு குறைந்த நேரத்தில் வெளியே கொண்டுவருவதற்கான கை, கால், கண் பழக்கங்களின் தொகுப்பு. மலேசியாவில் இவை வேரூன்றிய இடம் கோலாலம்பூரும் கிள்ளானும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கு. நாட்டின் இரண்டு பெரிய பந்தயத் தடங்களான பத்து தீகாவும் செப்பாங்கும், முதல் தேசியக் கார் ஆலையும் சிலாங்கூர் மாநிலத்தில் அமைந்தவை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் செல்பவர்கள் பத்து தீகாவைக் கடந்துதான் போகிறார்கள்.

அடிப்படை

வளைவில் காரை நிலைநிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு மட்டுமே. எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் கொண்டதானாலும் இதை மீற முடியாது. எட்டக்கூடிய உச்ச வேகம், உராய்வுக் கெழுவையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் வளைவின் ஆரத்தையும் பெருக்கி வரும் தொகையின் வர்க்கமூலம்.

10 மீட்டர் அகலமும் 15 மீட்டர் உள் ஆரமும் கொண்ட செங்கோண வளைவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த சாலையில் நல்ல டயருக்கு உராய்வுக் கெழு ஏறத்தாழ 1. உள்விளிம்பை ஒட்டியே திரும்பும் காரின் பாதை ஆரம் சுமார் 16 மீட்டர். அதன் உச்ச வேகம் மணிக்கு 45 கி.மீ. அதே கார் வெளி விளிம்பிலிருந்து நுழைந்து, நடுவில் உள்விளிம்பைத் தொட்டு, மறுபடி வெளி விளிம்புக்கு விலகிச் சென்றால் ஆரம் 43 மீட்டராகிறது. வேகம் 74 கி.மீ. வரை உயர்கிறது. மழையில் கெழு 0.6 ஆகக் குறைந்தால் இவை முறையே 35, 57 கி.மீ. ஆகிவிடும். இந்தத் துறையின் மற்ற நுட்பங்கள் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து கிளைத்தவை.

வரலாறு

தீபகற்பத்தில் இந்த முறைகள் முதலில் பொதுச்சாலைகளில்தான் பழகப்பட்டன. சிங்கப்பூரின் தாம்சன் சாலையில் 1961-இல் பெரும் பந்தயம் தொடங்கியது. 1962 முதல் 1965 வரை அதற்கு மலேசிய கிராண்ட் பிரீ என்று பெயர். சுமார் 4.8 கி.மீ. நீளமுள்ள அந்தத் தடத்தில் ‘பாம்புகள்’ என்று பொருள்படும் பெயருடன் ஒரு நெளிவுத் தொடரும், ‘சாத்தான் வளைவு’ என்று பொருள்படும் பெயருடன் ஒரு திருப்பமும், ஒரு கொண்டையூசி வளைவும் இருந்தன. தடத்தின் ஓரத்தில் மழைக்கால்வாயும் மரமும் விளக்குக் கம்பமும் நின்றதால், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடும் பழக்கம் அங்கே கட்டாயமானது. 1965-இல் சிங்கப்பூர் பிரிந்தது. அடுத்த ஆண்டு முதல் தாம்சன் பந்தயம் சிங்கப்பூர் கிராண்ட் பிரீ ஆயிற்று. 1973-க்குப் பிறகு நடக்கவில்லை.

மலேசியா தனக்கென அமைத்த தடம் பத்து தீகா. 1968-இல் திறக்கப்பட்டது. பொதுச்சாலையின் ஆபத்துகள் இல்லாமல், அதே வளைவை ஒருவர் நூறு முறை எடுத்துப் பார்த்து, எங்கே பிரேக் அழுத்துவது, எங்கே ஸ்டீயரிங்கைத் திருப்புவது என்று தேர்ந்து தெளிய இந்நாட்டில் முதன்முதலாக வாய்ப்பளித்தது அதுதான். இந்த ஒரு காரணத்துக்காகவே பத்து தீகாவை மலேசிய ஓட்டுக்கலையின் பள்ளிக்கூடம் என்று சொல்ல வேண்டும். ஷா ஆலம் 1978-இல் சிலாங்கூரின் தலைநகரானது. தடமும் நாளடைவில் ஷா ஆலம் தடம் என்றே அழைக்கப்பட்டது.

சுமார் மூன்றரை கி.மீ. நீளமுள்ள இத்தடத்தின் பொற்காலம் 1980களும் 1990களும். 1985 டிசம்பர் 1-ஆம் நாள் இங்கே உலக ஸ்போர்ட்ஸ் கார் சாம்பியன்ஷிப்பின் 800 கி.மீ. பந்தயம் நடந்தது. ஜாக்கி இக்ஸும் யோஹன் மாஸும் போர்ஷே 962 காரில் வென்றார்கள். நிலநடுக்கோட்டு வெயிலில் பிரேக்கும் டயரும் ஓட்டுநரின் உடலும் ஒருசேரச் சோர்ந்துபோகும் நிலையில், இறுதிச் சுற்று வரை ஒரே சீராக வளைவெடுப்பது எத்தகைய திறன் என்பதைப் பள்ளத்தாக்கு மக்கள் கண்ணெதிரே கண்டார்கள். 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீயும் இங்கேதான் நடந்தது. பின்னாளில் மலேசியாவின் முதல் பார்முலா 1 ஓட்டுநரான அலெக்ஸ் யூங்கின் தந்தை ஹனிபா யூங், பத்து தீகா தலைமுறையைச் சேர்ந்த பந்தய ஓட்டுநர். 2003-இல் தடம் மூடப்பட்டது. அந்த நிலத்தில் வீடுகள் எழுந்தன. நினைவுச்சின்னமாகக் கூட ஒரு வளைவைக் காக்காமல் விட்டது பெரும் இழப்பு.

பந்தயத் தடத்துக்கு இணையாக வளர்ந்தது தோட்டச் சாலை மரபு. பால்மரத் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் தமிழ்த் தொழிலாளர்கள் நடந்தும் சைக்கிளிலும் லாரியிலும் புழங்கிய செம்மண் சாலைகளே ராலிப் பந்தயங்களின் களமாயின. தளர்ந்த மண்ணில் காரை வழுக்கவிட்டே திருப்பும் கலையில் உலக அளவில் பெயர் பெற்றவர் கரம்ஜித் சிங். 2001, 2002, 2004 ஆண்டுகளில் ஆசிய பசிபிக் பட்டத்தையும், 2002-இல் தயாரிப்புக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தையும் புரோட்டோன் காரில் வென்றார். அவருடைய துணை ஓட்டுநர் ஆலன் ஓ.

பாதை வகைகள்

வளைவில் கார் உள்விளிம்பைத் தொடும் இடம் தொடுபுள்ளி எனப்படும். அது அமையும் இடத்தை வைத்துப் பாதைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முந்திய தொடுபுள்ளிப் பாதையில் கார் அவசரப்பட்டு உள்ளே சாய்கிறது. நுழையும்போது வேகமாகத் தோன்றும். வெளியேறும் இடத்தில் சாலை போதாமல் போகும். புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை இது. நடுத்தொடுபுள்ளிப் பாதை மேலே கண்ட 43 மீட்டர் ஆரப் பாதை. கணக்குப்படி வளைவுக்குள் மட்டும் அதுவே வேகமானது. பிந்திய தொடுபுள்ளிப் பாதையில் ஓட்டுநர் சற்றுப் பொறுத்து, வேகத்தை நன்றாகக் குறைத்து, கூர்மையாகத் திருப்பி, வளைவின் பிற்பகுதியில் உள்விளிம்பைத் தொடுகிறார். வளைவுக்குள் சில கி.மீ. வேகத்தை இழந்தாலும், கார் முன்கூட்டியே நேராகிவிடுவதால் எக்ஸலேட்டரை முழுவதும் அழுத்தலாம். அந்த ஆதாயம் அடுத்து வரும் நேர்ப்பாதை முழுவதும் கூடவே வரும். நீண்ட நேர்ப்பாதைக்கு முன்வரும் குறுகிய வளைவுக்கு இதுவே சரியான பாதை.

வளைவுகளின் நெறியைப் பொறியியல் கண்ணோடு வரைபடமாக்கி நூலாக எழுதியவர்களில் முன்னோடி, 1957 மில்லே மிலியா பந்தயத்தை வென்ற இத்தாலியப் பொறியாளர் பியரோ தருப்பி.

பிரேக்கும் கியரும்

பிரேக் அழுத்தும்போது காரின் எடை முன்சக்கரங்களுக்கு மாறுகிறது. எக்ஸலேட்டரை அழுத்தும்போது பின்னே போகிறது. எடை ஏறிய டயருக்குப் பிடி கூடும். நேர்ப்பாதையிலேயே பிரேக்கை முடித்துவிட்டுத் திரும்புவது பழைய முறை. வளைவுக்குள் நுழைந்த பிறகும் பிரேக்கைச் சிறிது சிறிதாகத் தளர்த்தியபடி தொடுபுள்ளி வரை செல்வது, 1950களில் ஸ்டிர்லிங் மாஸ் கையாண்டு காட்டிய முறை. முன் டயரில் எடை நிற்பதால் கார் சொன்னபடி திரும்பும். ஆனால் காலை வெடுக்கென்று எடுத்தாலோ கூடுதலாக அழுத்தினாலோ பின்பக்கம் சுழன்றுவிடும். தடத்தில் இது தேர்ச்சி. பொதுச்சாலையில் வேண்டாத விஷப்பரீட்சை.

கைக்கியர்க் காரில் இறக்கு கியர் போடுவதற்குத் தனிப் பாதப் பழக்கம் உண்டு. வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கை ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்கும். இடது கால் கிளட்ச்சை மிதிக்க, கை மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும் அந்தக் கணத்தில், வலது பாதம் கணுக்காலில் திரும்பி அதன் வெளி ஓரத்தால் எக்ஸலேட்டரை ஒரு தட்டுத் தட்டும். எஞ்சின் சுழற்சி உயர்ந்து கியரின் வேகத்தோடு பொருந்திய பிறகே கிளட்ச் விடப்படும். இந்தத் தட்டு தவறினால் இயக்கச் சக்கரங்கள் ஒரு கணம் இழுபட்டு, பிடி விட்டுப்போகும். தானியங்கிக் கியரும் இரட்டைக் கிளட்ச்சும் வந்தபின் இதற்குத் தேவை குறைந்துவிட்டது.

இடது காலால் பிரேக் அழுத்துவதை 1960களில் ஸ்காண்டிநேவிய ராலி ஓட்டுநர்கள், குறிப்பாக சாப் காரில் எரிக் கார்ல்சன், புகழ்பெறச் செய்தார்கள். முதலில் எதிர்த்திசையில் ஒரு வெட்டு, பிறகு வளைவை நோக்கி ஒரு வீச்சு என்று காரை ஊசலாக்கித் திருப்புவதும், கைபிரேக்கால் பின்சக்கரங்களைப் பூட்டித் திருப்புவதும் மண்சாலைக்கு உரியவை. டிரிப்டிங் எனும் தொடர்வழுக்கலை ஜப்பானில் கெய்ச்சி சுச்சியாவும் மலேசியாவில் தெங்கு ஜான் லேயும் பெரிய போட்டிக் கலையாக்கினார்கள். பார்வைக்கு அழகு, ஆனால் நல்ல தார்ச்சாலையில் அது நேரத்தைத் தின்னும் முறை.

பள்ளத்தாக்கின் கார்கள்

புரோட்டோன் சாகா 1985 ஜூலையில் வெளிவந்ததிலிருந்து இங்குள்ள பெரும்பாலான கார்கள் முன்சக்கர இயக்கம் கொண்டவை. 1996-இல் புரோட்டோன் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. அந்த நிறுவனத்தின் கைவண்ணத்தில் வந்த சத்ரியா ஜிடிஐ, இன்றும் நடுத்தர வயதுக்காரர்கள் ஆசையோடு பேசும் கார். முன்சக்கரக் கார் வேகம் மிகுந்தால் திரும்ப மறுத்து வெளிப்புறம் ஓடும். மருந்து எளிது: எக்ஸலேட்டரை மெல்லத் தளர்த்த வேண்டும், ஸ்டீயரிங்கை மேலும் முறுக்கக் கூடாது. பின்சக்கரக் கார் பின்புறம் வழுக்கும். அதற்கு வழுக்கும் திசையில் ஸ்டீயரிங்கைத் திருப்பி, கண்ணைப் போக வேண்டிய இடத்தில் நிறுத்த வேண்டும்.

செப்பாங் வளைவுகள்

ஹெர்மன் டில்கே வடிவமைத்த செப்பாங் தடம் 1999-இல் திறக்கப்பட்டது. 5.543 கி.மீ. நீளம், 15 வளைவுகள். வலப்புறம் சுருளும் முதல் வளைவும் உடனே இடப்புறம் மடங்கும் இரண்டாம் வளைவும் ஒரே கணக்கு. முதலாவதில் ஆசையை அடக்கினால்தான் இரண்டாவது வாய்க்கும். 14-ஆம் வளைவில் திரும்பிக்கொண்டே பிரேக் அழுத்த வேண்டும். இரு நீண்ட நேர்ப்பாதைகளை இணைக்கும் 15-ஆம் வளைவு கொண்டையூசி. 2016-இல் அதன் உட்புறம் உயர்த்தப்பட்டதால் பழைய பாதை பயன்படாமல் போனது. ஏற்றத்தில் அமைந்த ஒன்பதாம் வளைவும் கொண்டையூசிதான். 2012 பார்முலா 1 மழைப் பந்தயத்தில் ஜென்சன் பட்டன் அங்கே நரேன் கார்த்திகேயனின் காரில் மோதி முன்சிறகை உடைத்துக்கொண்டார். அதே பந்தயம் மழையால் நிறுத்தப்பட்டபோது, தொடக்க வரிசையின் கடைக்கோடியிலிருந்து கிளம்பிய கோயம்புத்தூர்க்காரர் கார்த்திகேயன் பத்தாம் இடத்தில் இருந்தார். ஈரத்துக்கான டயரைத் தொடக்கத்திலேயே தேர்ந்ததும் நிதானமும் தந்த இடம் அது.

மலைச்சாலைகள்

கெந்திங், உலு யாம், உலு லங்காட், புக்கிட் திங்கி சாலைகளின் வளைவுகளில் வார இறுதிகளில் வேகக் கார்கள் திரள்வது பல்லாண்டு வழக்கம். தடத்தின் பாதை இங்கே பொருந்தாது. மூன்றரை மீட்டர் அகலமுள்ள தன் வழிக்குள்ளேயே நின்றால், மேற்கண்ட வளைவில் கிடைக்கும் உச்ச ஆரம் 21 மீட்டர். வேகம் 45-லிருந்து 52-க்கு மட்டுமே உயர்கிறது. 74-ஐ எட்ட வேண்டிய மீதி 22 கி.மீ. இரட்டைக் கோட்டைத் தாண்டி, எதிரே வருபவரின் உயிரைப் பணயம் வைத்து எடுப்பது. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு ஆபத்தாக ஓட்டுவதற்குச் சிறைத்தண்டனை விதிக்கிறது.

இறக்கத்தில் கியரே முதல் பிரேக். தொடர்ந்து பிரேக் மிதித்தால் தகடு சூடேறிப் பிடி இழக்கும். 2013 ஆகஸ்ட் 21 அன்று கெந்திங் இறக்கத்தில் பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டனர்.

இன்றைய நிலை

பார்முலா 1 பந்தயம் 2017 அக்டோபர் 1-உடன் செப்பாங்கை விட்டுச் சென்றது. மோட்டோஜிபி தொடர்கிறது, சொந்தக் காரில் பழக விரும்புவோருக்குத் தடப் பயிற்சி நாட்களும் உண்டு. செப்பாங்கின் பார்முலா 1 பந்தயச் சுற்றுச் சாதனை, அந்தக் கடைசிப் பந்தயத்தில் செபாஸ்டியன் வெட்டல் எடுத்த 1 நிமிடம் 34.080 நொடி.