கிட் ஏ

இங்கிலாந்தின் ரேடியோஹெட் குழு 2000 அக்டோபரில் வெளியிட்ட நான்காம் இசைத்தொகுப்பு. முந்தைய தொகுப்பான ‘ஓகே கம்ப்யூட்டர்’ (1997) தந்த புகழுக்குப் பின், அதே கிட்டார்ப் பாணியைத் தொடரக் குழு மறுத்தது. ஏஃபெக்ஸ் ட்வின், ஆட்டெக்கர் ஆகியோரின் மின்னணு இசையில் பாடகர் தாம் யார்க் ஊறியிருந்தார். சின்தசைசரும் தாளப்பொறியும் முன்வந்தன. 1928இல் பிரான்சில் அறிமுகமான ஓண்ட் மார்ட்டெனோ என்னும் மின்கருவியைக் குழு உறுப்பினர் ஜானி க்ரீன்வுட் வாசித்தார்.

தொகுப்பின் துணிச்சல் முழுவதும் ‘ட்ரீஃபிங்கர்ஸ்’ என்ற உருப்படியில் திரண்டிருக்கிறது. குழு உறுப்பினர் எட் ஓ’பிரையனின் கிட்டார் ஒலியைக் கணினியில் நீட்டிக் குழைத்துச் செய்த சூழலிசை அது. குரலும் இல்லை, தாளமும் இல்லை. பாடலை எதிர்பார்த்து வந்த ரசிகரிடம் இதைத் தருவதற்கு அவர்மீது பெரும் நம்பிக்கை வேண்டும். ஒற்றைப் பாடல் வெளியீடு எதுவுமின்றியே தொகுப்பு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பெற்றது.