குவாதலூப் தீவின் சாராய ஆலைகளும் நம் நாட்டாரும்

கள்ளையும் சாராயத்தையும் விலக்குக என்று கூறுவதே சங்கப் பத்திரிகைகளின் வழக்கமாயிருக்க, சாராய ஆலைகளின் சரித்திரத்தை ஈண்டு எழுதப் புகுந்தது ஏனோ என்று அன்பர்கள் வினவக்கூடும். நாம் எழுதப் புகுந்தது ‘ரம்’ என்னும் சாராயத்தின் பெருமையை அன்று. அஃது ஊறிப் பிறப்பதற்குரிய கரும்பை வெட்டிச் சுமந்த கைகள் யாருடையவை என்பதையே. அக்கைகளிற் பல நம் நாட்டார் கைகள். இதனை அறிந்தார் நம்முள் மிகச் சிலர்.

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்று குவாதலூப். பிரெஞ்சுக்காரர் ஆட்சிக்குட்பட்டது. 1946 முதல் பிரான்சு தேசத்தின் ஒரு ஜில்லாவாகவே எண்ணப்பட்டு வருகின்றது. வண்ணத்துப்பூச்சி இரு சிறகையும் விரித்தாற்போன்ற வடிவுடையது. ஒரு சிறகு மலையும் எரிமலையும் அடர்ந்த காடுமாயிருக்கும். மற்றது சுண்ணாம்புக் கல் நிலமாகிய சமவெளி. இரண்டையும் ஓர் உப்பங்கழி பிரிக்கின்றது. இக்காலத்தில் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கப்பல் கப்பலாக வருகின்ற யாத்திரிகர்கள், கடற்கரையைப் பார்த்த பின் தவறாது பார்ப்பவை அங்குள்ள ரம் ஆலைகள். சமவெளியில் லெ மூல் என்னும் ஊர்ப்புறத்தில் தமுவாசோ ஆலை, மலைச் சிறகின் கீழ்க்கரையில் கப்பெஸ்தேர் ஊரில் லோங்கத்தோ ஆலை, அருகிலுள்ள மரி-கலாந்த் என்னும் சிறு தீவில் மூன்று ஆலைகள் எனப் பல உள. பழைய காற்றாலைக் கோபுரத்தையும் செப்பு வாலையையும் வரிசை வரிசையான பீப்பாய்களையும் காட்டி, இறுதியில் ஒரு சிறு கிண்ணத்தில் வார்த்துக் கொடுத்து அனுப்புவார்கள். ஆலையை நிறுவிய குடும்பத்தின் பெயர் எங்கும் விளங்கும். கரும்பு வெட்டியவர் பெயரைத் தேடுவோமாயின் ஆலைக்குள் கிடைப்பது அரிது. அதற்கு ஆலையின் வாயிலைக் கடந்து ஊருக்குட் செல்லல் வேண்டும்.

ரம் செய்யும் முறை நம் நாட்டில் வெல்லம் காய்ச்சுவதைக் கண்டவர்க்கு எளிதில் விளங்கும். கரும்பை வெட்டியவுடன், நாள் கடத்தாமல், ஆலையிலிட்டுப் பிழிவர். காலந்தாழ்த்தின் சாறு கெடும். நம்மவர் அச்சாற்றைக் கொப்பரையிலிட்டுக் காய்ச்சி வெல்லமாக்குவர். அவர்கள் அதனைத் தொட்டியில் ஊற்றி நுரைக்க விடுவர். ஓரிரு நாளில் ஊறல் பதமாகும். அதனைச் செம்பினாலான உயர்ந்த வாலையில் ஏற்றி நீராவியாற் காய்ச்ச, சாராயம் வடியும். பிழிந்த சக்கையே அடுப்பிற்கு விறகு. ஆதலின் கரும்பே தன்னைத் தான் காய்ச்சிக்கொள்கிறது என்னலாம். சாற்றை நேரே ஊறலிடுவது ஒரு முறை. சர்க்கரை எடுத்த பின் எஞ்சும் கழிவுப் பாகை ஊறலிடுவது மற்றொரு முறை, அதுவே பழமையானது. வடித்ததை ஓக்கு மரப் பீப்பாய்களில் மூன்று வருஷமும் அதற்கு மேலும் அடைத்து வைத்தாற் செந்நிறம் பெறும். அவ்வெப்ப தேசத்திற் பீப்பாயிலிருந்து வருஷந்தோறும் ஒரு பகுதி ஆவியாய்ப் போய்விடும். அதற்குத் தேவதூதர் பங்கு என்று பெயரிட்டிருக்கிறார்கள். வெட்டினவன் பங்கு எங்கே என்று கேட்கத் தோன்றுகிறதன்றோ?

கரும்பு அத்தீவுகளுக்கு உரிய பயிரன்று. நம் நாட்டார் நெடுங்காலம் முன்னரே அறிந்தது. அதியமானுடைய முன்னோர் அதனை இந்நாட்டிற்குக் கொண்டுவந்தனர் என்று புறநானூறு கூறும். கொலம்பஸ் தம் இரண்டாம் யாத்திரையில், 1493-இல், அதனை அக்கடற் பகுதிக்கு எடுத்துச் சென்றார். அதே யாத்திரையில் குவாதலூப்பையும் கண்டார். பின்னர்ப் பிரெஞ்சுக்காரர் ஆப்பிரிக்காவிலிருந்து மக்களை அடிமைகளாகக் கொணர்ந்து, இருநூறு வருஷம் அவர்தம் உதிரத்தாற் கரும்பு வளர்த்தனர். 1848-இல் பிரான்சு தேசம் அடிமைத்தனத்தை ஒழித்தது. விடுதலை பெற்றவர்கள் தம்மை வாட்டிய தோட்டங்களிற் பழைய நிலையில் வேலை செய்ய இசைந்திலர். இசைவாரென்று எதிர்பார்த்தவர் அறிவே வியப்பிற்குரியது. தோட்ட முதலாளிகளுக்கு வேறு கைகள் வேண்டியிருந்தன. அவர்கள் கண் புதுச்சேரிமேலும் காரைக்கால்மேலும் விழுந்தது.

‘ஒரேலி’ என்னும் பாய்மரக் கப்பல் 1853 மே மாதம் 313 இந்தியரை அயல் தீவாகிய மர்த்தினீக்கிற் சேர்த்தது. அக்கப்பலே 1854 டிசம்பர் 24-இல் 344 பேரைக் குவாதலூப்பின் புவாந்த்-ஆ-பீத்ர் துறையில் இறக்கியது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஏறக்குறைய மூன்று மாதப் பிரயாணம். அண்ணனூரில் வசிக்கும் நமக்கு இக்காலக் கணக்கை ஒருவாறு மனத்திற் பதித்துக்கொள்ள வழியுண்டு. இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது 1856 ஜூலை 1-இல். இன்று நாம் அண்ணனூர் நிலையத்தில் ஏறுவது அப்பாதையிலேதான். அவ்வண்டி புறப்படுவதற்கு ஒன்றரை வருஷத்திற்கு முன்னரே, ரயிலைக் கண்ணாற் கண்டிராத தமிழர் பூமியின் மறுபுறத்திற் கரும்பு வெட்டத் தொடங்கிவிட்டனர்!

தொடக்கத்தில் பிரெஞ்சு எல்லையிலிருந்தே ஆள் எடுக்க உரிமையிருந்தது. புதுச்சேரியோ சிறிய ஊர். அத்தனை ஆட்களுக்கு எங்கே போவது? ஆகவே தரகர்கள் எல்லை கடந்து ஆங்கிலேயர் ஜில்லாக்களில் ஆள் பிடித்தனர். முன்பணம் என்றும், நல்ல கூலி என்றும், அருகிலுள்ள தீவு என்றும் ஆசை காட்டினர். இதனால் விளைந்த பூசல் தீர 1861 ஜூலை 1-இல் இரண்டு அரசாங்கத்தாரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதன்பின் ஆங்கில ஆட்சிக்குட்பட்ட இடங்களிலும் ஆள் எடுப்பது சட்ட சம்மதமாயிற்று. அக்காலத்தில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த நம் ஆவடி, அம்பத்தூர்ப் பக்கமும் அந்த எல்லைக்குள் அடங்கியதே. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், உண்ண வழியற்றவர்க்குத் தரகன் சொல்லே தெய்வ வாக்காயிற்று.

1889-இல் கடைசிக் கப்பல் வந்து சேரும்வரை குவாதலூப்பிற்குச் சென்றவர் ஏறக்குறைய 42,000 பேர். மர்த்தினீக்கிற்கு 25,000 பேருக்கு மேல். சிலர் கல்கத்தா வழியாகச் சென்ற வட நாட்டார், பெரும்பகுதியினர் தென்னாட்டினர். ஒப்பந்தம் ஐந்து வருஷம். ஆடவர்க்கு மாதக் கூலி 12½ பிராங்கு. பெண்டிர்க்கு அதனினும் குறைவு. ஐந்து வருஷம் முடிந்தால் ஊர் திரும்பக் கப்பல் வசதி உண்டு என்பது எழுத்தில் இருந்தது. திரும்பியவரோ கால்பங்கினர்கூட அல்லர். பாதிக்கு மேற்பட்டோர் காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும் கொடிய வேலையாலும் அங்கேயே மடிந்தனர். முன்பு அடிமைகள் இருந்த குடிசைகளிலேயே இவர்கள் குடியேற்றப்பட்டனர். தோட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியேறின் தண்டனை. கூலியைக் குறைக்க வந்தவர்கள் என்று ஆப்பிரிக்க மரபினர் சிலரும் இவர்களை இகழ்ந்தனர். அவர்களைக் குறை கூற நாம் துணியோம். தம் உழைப்பின் விலையைத் தாழ்த்தவே இவர்கள் கொணரப்பட்டனர் என்பது உண்மைதானே. குற்றம் கொணர்ந்தவருடையது.

இவர்கள் வெட்டிய கரும்பு முதலிற் சென்றது பெரும்பாலும் சர்க்கரை ஆலைகளுக்கு. புவாந்த்-ஆ-பீத்ரில் 1869-இல் எழுந்த தர்புசியே ஆலை அவற்றுட் பெரியது, 1980-இல் மூடப்பட்டது. அது நின்ற இடத்தில் அடிமை வாழ்வின் நினைவுக்கென ஒரு காட்சிசாலை 2015-இல் திறக்கப்பட்டது. சர்க்கரையினின்று கழிந்த பாகே அந்நாளில் ரம்மாயிற்று. 1884-ஐ ஒட்டி ஐரோப்பாவிற் பீட்டுக் கிழங்குச் சர்க்கரை பெருகிக் கரும்புச் சர்க்கரையின் விலை வீழ்ந்தது. தோட்டங்கள் கடனில் மூழ்கிக் கை மாறின. சர்க்கரையால் இனிப் பயனில்லை எனக் கண்ட சிலர், சாற்றையே நேராக வடித்து விற்கத் தலைப்பட்டனர். லோங்கத்தோ ஆலை தோன்றிய 1895-ஆம் வருஷம் இம்மாறுதல் நிகழ்ந்த காலமே. முதல் ஐரோப்பிய மகாயுத்தத்திற் போர்வீரர்க்கு வேண்டி ரம் ஏற்றுமதி மிகப் பெருகிற்று. ஆகவே இன்று யாத்திரிகர் புகழ்ந்து பருகும் கரும்புச்சாற்று ரம் நம்மவரின் முதல் தலைமுறை மடிந்த பிறகு, அவர் மக்களும் பேரரும் வெட்டிய கரும்பிலிருந்து பெருமை பெற்றதாகும்.

இனி ஆலையின் வாயிலைக் கடந்து கப்பெஸ்தேர் ஊருக்குட் செல்வோம். லோங்கத்தோ ஆலை இருக்கும் அதே ஊரில், ஷான்ஜி என்னுமிடத்தில், மாரியம்மன் கோயில் ஒன்று தென்னாட்டு முறையில் வண்ணச் சிற்பங்களுடன் நிற்கின்றது. அதே ஊரில் 1863-இல் பிறந்தவர் ஹென்றி சிதம்பரோம். சிதம்பரம் என்னும் பெயர் பிரெஞ்சு எழுத்திற் புகுந்து வெளிவந்த கோலம் அது. குடியேறிய இந்தியரின் மக்கள் பிரான்சு தேசத்தின் பிரஜைகள் அல்லர், வாக்குரிமைக்கு உரியரல்லர் என்று 1904-இல் தடை எழுந்தபோது, இவர் முன்னின்று வழக்காடினார். நீதிமன்றத்திலும் அரசாங்கத்தாரிடமும் விடாது முறையிட்டு, 19 வருஷங்கழித்து 1923-இல் அவ்வுரிமையைப் பெற்றுத் தந்தார். 1952-இற் காலமானார். முத்துசாமி என்பது ‘முத்துஸ்ஸமி’ என்றும், ராமசாமி என்பது ‘ரமஸ்ஸமி’ என்றும், வைத்திலிங்கம் என்பது ‘வைத்திலிங்கோன்’ என்றும் அங்கே குடும்பப் பெயர்களாயின. பாட்டனாருடைய தனிப்பெயரே பரம்பரையின் பெயராய் நிலைத்துவிட்டது. எர்னெஸ்ட் முத்துஸ்ஸமி என்பார் 1981 முதல் 2002 வரை பாரீஸ் சட்டசபையில் அங்கத்தினராக வீற்றிருந்தார்.

நம் சங்கத்தார் கருதத்தக்க செய்தி இங்கே ஒன்றுண்டு. ஆங்கிலேயர் துறைமுகங்களிற் கப்பலேறுவோர்க்குக் கொடுத்த சீட்டில் பெயர், தகப்பன் பெயர், ஜாதி, கிராமம், ஜில்லா எனக் கட்டங்கள் இருந்தன. தோட்டத்திற் சேர்ந்த பின் ஒருவனை அறிந்துகொள்ள முதலாளிக்கு வேண்டியிருந்தது பதிவெண் ஒன்றே. ஒரே தளத்தில் உண்டு, ஒரே தண்ணீரைக் குடித்து, ஒரே குடிசை வரிசையில் வாழ்ந்தவர்கள். பெண்டிர் தொகையோ குறைவு. குலம் பார்த்துக் கொள்வினை கொடுப்பினை செய்ய இடமேது? இரண்டு தலைமுறைக்குள் அது மங்கிப் போயிற்று. இன்று அங்குள்ளாரை நோக்கி, நீவிர் எக்குலத்தீர் என்று வினவினால் விடை சொல்ல அறியார். இதனை இழிவென்று கொள்வாரும் நம்மிற் சிலர் இருப்பர். நாம் அங்ஙனம் கருதவில்லை. பஞ்சத்தில் அவர்களைக் காக்காத குலப்பெருமை, கடல் கடந்து அவர்களைப் பின்தொடரவேண்டும் என்று விரும்புவது எவ்வாறு பொருந்தும்?

குலத்தை மறந்தவர் தெய்வத்தை மறந்திலர். மாரியம்மனை ‘மலியெமின்’ என்றும், மதுரைவீரனை ‘மால்தெவிலின்’ என்றும் அழைத்துப் பூசனை புரிகின்றனர். நாகூர் ஆண்டவரை ‘நாகுர்மிரா’ என வணங்கிக் கொடியேற்றுகின்றனர்; தம் மூதாதையரைக் கடலிற் காத்தவர் அவரென்பது நம்பிக்கை. தப்பும் மத்தளமும் உண்டு. தமிழ்ப் பேச்சு மறைந்து கிரியோல் பாஷையே வழங்கினும், பூசைப் பாடல்களைப் பொருள் முற்றும் விளங்காமலே தமிழிற் பாடுகின்றனர். நாடகம் என்னும் சொல் ‘நத்ரோன்’ எனச் சிதைந்து, மதுரைவீரன் கூத்தைக் குறிக்கின்றது. நம் குழம்பு ‘கொலம்போ’ என்னும் பெயரில் அத்தீவார் அனைவருக்கும் உரிய உணவாகிவிட்டது. மதுரைவீரனுக்கு நம் கிராமங்களிற் சாராயமும் சுருட்டும் படைப்பதை வாசகர் அறிவர். அங்கே படைப்பது அவ்வூர் ஆலையில் வடித்த ரம். படைப்பவன் அக்கரும்பை வெட்டினவனாகவும் இருந்த காலம் உண்டு.

அத்தீவாரிற் சிலர் இக்காலத்தில் தம் மூதாதையர் ஊரைத் தேடி நம் நாட்டிற்கு வருகின்றனர். குடியேறியவர்களின் பதிவேடுகளிற் பல குவாதலூப் ஜில்லா ஆவணச்சாலையிலும், பிரான்சு தேசத்தில் ஏக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்து ஆவணச்சாலையிலும் உள்ளன. ஆனால் பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தவாறு எழுதிய ஊர்ப்பெயர்களை நம் ஊர்களோடு பொருத்திக் காண்பது அவர்களால் ஆவதன்று; அப்பக்கத்து ஊர்களை அறிந்தவர் துணை வேண்டும். நம் குடும்பங்களிலும் முதியோர் வாய்மொழியாகக் ‘கப்பலேறிப் போனவர்’ என்று ஒருவரைக் குறிப்பிடுவதுண்டு. எங்கே போனார் என்று கேட்டால், கரும்புச் சீமைக்கு என்பர், அல்லது ஒன்றும் அறியார். அத்தகையோருடைய பெயர், தகப்பன் பெயர், கிராமம் ஆகிய மூன்றும் நினைவில் உள்ளவர்கள் எழுதியனுப்பின், அவற்றை அடுத்த இதழ் முதல் தனிப் பகுதியாக இப்பக்கங்களில் வெளியிடுவோம்.