வகுக்கும் எண் சரியா?

இரண்டு கிளைகளில் தலா ஒரு கோடி வாராக்கடன். எது மோசம் என்றால், மொத்தக் கடன் எவ்வளவு என்றுதான் வங்கிக்காரர் கேட்பார். இன்னொன்றும் அவருக்குத் தெரியும். மார்ச் மாதம் புதுக்கடனை அள்ளிக் கொடுத்தால், வாராக்கடன் பைசா குறையாமலே விகிதம் அழகாகிவிடும்!

மரபணு அளவீட்டின் கதையும் ஏறக்குறைய இதுதான். ஒரு மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அறிய, அதிலிருந்து நகலான ஆர்.என்.ஏ.வை அளக்கிறார்கள். 1977-ல் வந்த நார்தர்ன் பிளாட்டிலும் சரி, 1990களில் வந்த ரியல் டைம் பி.சி.ஆரிலும் சரி, ஒரே சிக்கல். ஒரு மாதிரியில் செல்கள் அதிகம், இன்னொன்றில் ஆர்.என்.ஏ. சிதைந்திருக்கும். ஆகவே எல்லா செல்லிலும் ஒரே அளவில் இருப்பதாக நம்பப்பட்ட இன்னொரு மரபணுவையும் அளந்து, அதனால் வகுத்தார்கள். ஜி.ஏ.பி.டி.எச்., பீட்டா ஆக்டின் வழக்கமான தேர்வுகள்.

ஆனால் ஜி.ஏ.பி.டி.எச். சர்க்கரையை உடைக்கும் நொதி. ஆக்ஸிஜன் குறைந்தால் பல செல்களில் அதுவே ஏறும். 2002-ல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் வான்டெசொம்பேலே குழு பத்து மரபணுக்களைச் சோதித்தது. ஒன்றை மட்டும் நம்பினால் விடை பல மடங்கு தவறலாம். நிலையான சிலவற்றின் பெருக்குச் சராசரியால் வகுங்கள் என்றது.

இது வெறும் ஆய்வகச் சண்டை அல்ல. அதே 2002-ல், ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் குடல் மாதிரிகளில் தட்டம்மை வைரஸ் இருப்பதாக டப்ளின் ஆய்வகம் ஒன்று அறிவித்தது. தடுப்பூசியே காரணம் என்று அமெரிக்காவில் பெற்றோர் இழப்பீடு கேட்டனர். 2007-ல் ஸ்டீபன் பஸ்டின் அந்தக் கணக்கைத் தணிக்கை செய்து சாட்சி சொன்னார். ஃபார்மலினில் வைத்த மாதிரிகளில் ஆர்.என்.ஏ. சிதையும்; ஜி.ஏ.பி.டி.எச். அளவும் அங்கே சரிந்திருந்தது. வைரஸ் அளவு மட்டும் சரியவில்லை! திசுவிலிருந்து வந்ததென்றால் அதுவும் சரிந்திருக்க வேண்டுமே? தவிர, ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் படியை விட்டபோதும் 'வைரஸ்' கிடைத்தது. தட்டம்மை வைரஸில் டி.என்.ஏ.வே கிடையாது. ஆக, அது வெளியிலிருந்து கலந்த டி.என்.ஏ.

2009 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: ஆய்வக முடிவு நம்பத்தக்கதல்ல, கோரிக்கை தள்ளுபடி. அதற்குள் தடுப்பூசி பயம் பரவி, 2008-ல் இங்கிலாந்தில் தட்டம்மை மீண்டும் நிலைகொண்டிருந்தது.

அதே 2009-ல் பஸ்டினும் பிறரும் விதிமுறை வெளியிட்டனர். எந்த மரபணுவால் வகுத்தீர்கள், அது நிலையானது என்பதற்கு என்ன ஆதாரம் என்று எழுதியாக வேண்டும். நம் ஐந்தொகைக்குக் கீழே வரும் குறிப்புகள் மாதிரி. படிக்க அலுப்புதான். ஆனால் விஷயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.