லைட் கலர் சட்டை, டார்க் கலர் பேன்ட்: இன்டர்வியூ டிரஸ்ஸுக்குப் பின்னாடி இருக்கிற கதை

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முந்தின நாள் ராத்திரி எல்லா ஃபைனல் இயர் வாட்ஸ்அப் குரூப்லயும் ஒரு கேள்வி வரும்: "நாளைக்கு என்னடா போட்டுட்டுப் போறது?" பதிலும் ரெடியா இருக்கும். லைட் கலர் ஃபுல் ஹேண்ட் சட்டை, டார்க் கலர் பேன்ட், டக்-இன், கறுப்பு ஷூ, கறுப்பு பெல்ட். பெண்களுக்குச் சுடிதார், துப்பட்டாவை ரெண்டு பக்கமும் பின் பண்ணியிருக்கணும். மறுநாள் ஹாஸ்டல்ல ஒரே ஷூ மூணு பேர் காலுக்கு மாறும்.

இந்த லிஸ்ட்டை யார் போட்டாங்க? ஏன் லைட் கலர்? வேலைக்கும் சட்டைக்கும் என்ன சம்பந்தம்? இன்னைக்கு எபிசோட் இதைப் பத்தித்தான். கதை லண்டன்ல ஆரம்பிச்சு, வேலூர் கோட்டை வழியா, ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய், ஓ.எம்.ஆர்-ல வந்து முடியப் போகுது.

காலர் அழுக்காகக் கூடாது

18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பணக்கார ஆண் என்றால் பட்டு, ஜரிகை, பவுடர் போட்ட விக். அது மாறி, அடக்கமான டார்க் கலர் கோட்டும் வெள்ளைச் சட்டையும் வந்த காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிற பெயர் பியூ ப்ரம்மெல். லண்டன்காரர். ஜொலிப்பை விட்டுவிட்டு அவர் ரெண்டு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்: துணி உடம்புக்குக் கச்சிதமாக இருக்கணும், சட்டை சுத்தமாக இருக்கணும். கேட்க எளிமையா இருக்கு, இல்லையா? ஆனால் நிலக்கரிப் புகை மண்டிய லண்டனில் வெள்ளைச் சட்டையை வெள்ளையாகவே வைத்திருக்க வேலையாட்களும் வேண்டும், காசும் வேண்டும். அந்த ப்ரம்மெலே கடைசியில் கடன் தாங்காமல் 1816-இல் பிரான்ஸுக்கு ஓடிப்போனார் என்பது தனிக்கதை.

பணக்காரர் சரி. மாதச் சம்பளம் வாங்குகிற சாதாரண குமாஸ்தா என்ன செய்வார்? அமெரிக்காவில் ட்ராய் என்ற ஊரில் ஹன்னா லார்ட் மான்டேக் என்ற பெண், கணவரின் சட்டைகளில் காலர் மட்டும்தான் சீக்கிரம் அழுக்காகிறது என்று கவனித்தார். 1827-இல் அதைத் தனியாக வெட்டியெடுத்து, துவைத்து, திரும்பப் பொருத்தினார் என்று சொல்வார்கள். கழற்றி மாட்டுகிற காலர் அந்த ஊரில் பெரிய தொழிலாகவே வளர்ந்தது. ரெண்டே சட்டை வைத்திருக்கிற குமாஸ்தாவும் தினம் ஒரு புதுக் காலரோடு ஆபீஸ் போகலாம்.

'ஒயிட் காலர் ஜாப்' என்ற சொல்லுக்குள்ளே இருக்கிறது இந்தக் காலர்தான். வெள்ளைத் துணி அழுக்கைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அதைப் போடுகிறவர் கரி அள்ளவில்லை, எண்ணெயில் கை வைக்கவில்லை என்று பார்த்ததுமே தெரியும். இன்டர்வியூவுக்கு லைட் கலர் சட்டை போடச் சொல்றாங்களே, அந்தப் பழக்கத்தோட வேர் இங்கதான் இருக்கு. "நான் கையால வேலை செய்யறவன் இல்லை" என்ற 200 வருஷப் பழைய சேதி அது.

நம்ம பக்கம் நடந்தது

இந்த உடுப்பு கப்பலேறி இங்கே வந்தபோது கதை வேறு மாதிரி ஆச்சு. இங்கே கேள்வி சுத்தத்தைப் பற்றியது மட்டும் இல்லை. யார் எதைப் போடலாம், யார் போடக் கூடாது என்பதுதான் கேள்வி.

வேலூரை எடுத்துக்குங்க. 1805 நவம்பரில் மெட்ராஸ் ராணுவத் தளபதி சர் ஜான் கிராடாக் ஒரு உத்தரவு போட்டார். சிப்பாய்கள் நெற்றியில் சமயச் சின்னம் வைக்கக் கூடாது, கடுக்கன் போடக் கூடாது, தாடி கூடாது. புது மாதிரித் தலைப்பாகை அணிய வேண்டும். அதில் தோலால் செய்த ஒரு குஞ்சம் இருந்தது, பார்க்க ஐரோப்பியத் தொப்பி போலவும் இருந்தது. மதம் மாற்றத்தான் இந்த ஏற்பாடு என்று சிப்பாய்கள் பயந்தார்கள். மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. 1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டையில் கிளர்ச்சி வெடித்தது. திப்பு சுல்தானின் குடும்பம் அந்தக் கோட்டையில் சிறை வைக்கப்பட்டிருந்தது உட்பட அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் தீப்பொறி அந்தத் தலைப்பாகைதான். நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். கிராடாக்கும் கவர்னர் வில்லியம் பென்டிங்க்கும் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார்கள். உத்தரவும் வாபஸ் ஆனது.

அங்கே "எங்களை மாதிரி போடு" என்றார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து சூரத்தில் நேரெதிர். 1862-இல் மானக்ஜி கவாஸ்ஜி என்ட்டி என்ற பார்சி அதிகாரி ஷூ காலோடு கோர்ட்டுக்குள் வந்தார். இந்தியர்கள் மரியாதை காட்டக் காலணியைக் கழற்றுவார்கள், ஆகவே நீயும் கழற்று என்று கோர்ட்டில் சொன்னார்கள். அவர் மறுத்தார். உள்ளே விடவில்லை. அவர் பம்பாய் கவர்னருக்குப் புகார்க் கடிதம் எழுதினார். ஐரோப்பிய உடுப்பை நீ முழுசாப் போட்டா அதுவும் தப்பு, போடாட்டியும் தப்பு.

இதை வெள்ளைக்காரர்கள் மட்டும் செய்ததாக நினைச்சுக்காதீங்க. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் இருந்தது. அங்கே நாடார் பெண்களும் மற்ற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களும் மேலாடை அணிவதற்குத் தடை இருந்தது. அணிந்த பெண்களைத் தாக்கி, துணியைக் கிழித்தார்கள். பல பத்தாண்டுகள் நடந்த போராட்டம் அது, தோள்சீலைப் போராட்டம். 1859-இல் ராஜாவின் அறிவிப்பு வந்தது: நாடார் பெண்கள் மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணிகிற மாதிரி அணியக் கூடாது. அந்த 'ஆனால்'-ஐ மனசுல வச்சுக்குங்க.

மசூர் ஸ்டேஷன், 1901

இந்த எபிசோட்ல எனக்கு ரொம்ப முக்கியமாப் படுற இடம் இது. அம்பேத்கர் தன் வாழ்க்கை நினைவுகளில் எழுதியது. அப்போது அவருக்குப் பத்து வயசுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ. அப்பா வேறு ஊரில் வேலையில் இருந்தார். லீவுக்கு அங்கே போக அவரும் அண்ணனும் அக்கா பிள்ளைகளும் கிளம்பினார்கள். எல்லோருக்கும் புதுசு எடுத்தார்கள்: ஆங்கில பாணிச் சட்டை, மினுமினுக்கும் குல்லா, புது ஷூ, பட்டுக் கரை போட்ட வேட்டி. மசூர் ஸ்டேஷனில் இறங்கிக் காத்திருந்தார்கள். அழைத்துப் போக ஆள் வரவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் வந்து அன்பாக விசாரித்தார். உடுப்பைப் பார்த்துப் பெரிய வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டார். "யார் நீங்க?" என்றதும், பசங்க யோசிக்காமல் மகர் சாதி என்று சொல்லிவிட்டார்கள். அவர் முகம் மாறிவிட்டது. மாட்டு வண்டிக்காரர்கள் யாரும் அவர்களை ஏற்றிக்கொள்ளத் தயாராக இல்லை. கடைசியில் ரெட்டிப்புக் கூலி கொடுத்து, பசங்களே வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்து வருவது என்று ஏற்பாடானது.

புதுச் சட்டை அந்தப் பிள்ளைகளுக்கு அரைமணி நேர மரியாதையை வாங்கிக் கொடுத்தது. "யார் நீ" என்ற கேள்வி வந்ததும் அது போய்விட்டது. பிறகு வெளிநாட்டில் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்கு வந்தபோதும் அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் அம்பேத்கர் கோட்டு சூட்டைக் கழற்றவில்லை. 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். ஏழைகளோடு சேர்வதற்கு அது அவர் வழி. எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டளையிடப்பட்டவர்களுக்கு, நல்லா தைத்த ஒரு சூட்டைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்பதற்கு வேறு அர்த்தம் இருந்தது. ஊர் ஊராக இருக்கிற அம்பேத்கர் சிலைகள்ல அந்தக் கோட்டும் டையும் ஏன் அவ்வளவு கவனமா வடிக்கப்பட்டிருக்குன்னு அடுத்த தடவை பார்க்கும்போது யோசிங்க.

புத்தகம் போட்டுச் சொன்னவர்

சரி, 'இன்டர்வியூவுக்கு என்ன போடணும்' என்று தனியாக ஒரு அறிவுரைக் கடை எப்போ திறந்தாங்க? 1975-இல் அமெரிக்காவில் ஜான் மாலாய் 'டிரஸ் ஃபார் சக்ஸஸ்' என்ற புத்தகத்தைப் போட்டார். 1977-இல் பெண்களுக்கு ஒன்று. அவர் சொன்னது பச்சையான விஷயம்: ஆபீஸில் உங்கள் உடுப்பை வைத்து நீங்கள் எந்த வர்க்கம் என்று எடை போடுகிறார்கள், அதனால் மேல்தட்டு மாதிரி உடுத்துங்கள். மழைக் கோட்டைக்கூட விடவில்லை. வெளிர்ப் பழுப்பு நிறம் என்றால் மேல் நடுத்தர வர்க்கம், கறுப்பு என்றால் கீழ் நடுத்தர வர்க்கம் என்று மக்கள் நினைக்கிறார்களாம்.

கேட்க எரிச்சலாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு. அப்பா ஆபீஸ் போகிறதைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு இது எதுவும் சொல்லித்தர வேண்டாம். பார்க்காத பையனுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். மாலாய் சொன்னார்.

சென்னையில் 2000-இல் டைடல் பார்க் திறந்து, ஐ.டி. கம்பெனிகள் இன்ஜினியரிங் காலேஜ்களுக்கு வந்து கூட்டம் கூட்டமாக ஆள் எடுத்தபோது, அந்த வேலையைச் செய்தது பிளேஸ்மென்ட் செல்லும் சீனியர்களும். டக்-இன் எப்படிப் பண்ணணும், பெல்ட்டும் ஷூவும் ஒரே கலர்ல இருக்கணும், கோடு போட்ட சட்டை வேண்டாம். வீட்டிலேயே முதல் பட்டதாரியான எத்தனையோ பேர் அதை ஒரு பாடம் மாதிரி கத்துக்கிட்டாங்க. 20 பேர் ஒரே மாதிரி வெளிர் நீலச் சட்டையில் வரிசையில் நின்றால் சிரிப்பாக இருக்கலாம். அந்த வரிசையில் யார் வீட்டில் கார் இருக்கிறது, யார் வீட்டில் ஆடு இருக்கிறது என்று சட்டையைப் பார்த்துச் சொல்வது கஷ்டம்.

இப்போ தளர்ந்துவிட்டதா?

2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமன் வேட்டி கட்டிக்கொண்டு ஒரு புத்தக வெளியீட்டு விழாவுக்குப் போனார். சேப்பாக்கத்தில் இருக்கிற கிரிக்கெட் சங்க கிளப்பில் அவரை உள்ளே விடவில்லை. அதே வருஷம் ஆகஸ்டில், வேட்டி கட்டியவரைத் தடுப்பது குற்றம் என்று சட்டசபை சட்டம் போட்டது. 2015-இல் இன்ஃபோசிஸ் போன்ற பெரிய கம்பெனியே தினமும் ஃபார்மல்ஸ் வேண்டாம் என்றது. 2019-இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த அரசாணையில் ஆண்களுக்கு பேன்ட் சட்டையோடு வேட்டியும் இருந்தது. பெண்களுக்குச் சேலை, சல்வார், சுடிதார். ஆனால் துப்பட்டாவோடு. மறுபடியும் ஒரு 'ஆனால்', கவனிச்சீங்களா?

ஸ்டார்ட்-அப்களில் இப்போது 'ஸ்மார்ட் கேஷுவல்ஸில் வாங்க' என்று மெயில் வருகிறது. நல்ல விஷயம்தானே என்று தோணும். ஆனா அதுக்கு என்ன அர்த்தம்? ஜீன்ஸ் ஓகேவா? எந்த ஜீன்ஸ்? டி-ஷர்ட்ல காலர் வேணுமா? வெள்ளை ஸ்னீக்கர் 'ஸ்மார்ட்', செருப்பு 'கேஷுவல்'ன்னு எங்க எழுதியிருக்கு? ஃபார்மல்ஸுக்கு ஒரு லிஸ்ட் இருந்தது, சீனியரைக் கேட்டா கிடைச்சது. இதுக்கு லிஸ்ட் இல்லை. அந்த மாதிரி ஆபீஸ்களைப் பார்த்துப் பழகினவங்களுக்கு மட்டும் தெரியும். வெளிப்படையாகச் சொன்ன விதியைவிட, சொல்லாமல் விட்ட விதி புதுசா வர்றவங்களை அதிகமா வடிகட்டும்னு நான் நினைக்கிறேன். ஆள் எடுக்கிற இடத்துல யாராவது இதைக் கேட்டுட்டிருந்தா, கால் லெட்டர்ல என்ன உடுத்தலாம்னு ரெண்டு வரி தெளிவா எழுதிடுங்க.

அப்போ நாளைக்கு என்ன போடறது?

கதை கேட்டாச்சு, பதிலும் சொல்லிடறேன். கம்பெனி எதுவும் சொல்லலைன்னா ஹெச்.ஆர்-க்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்க. கேட்கிறது தப்பே இல்லை. அப்பவும் தெரியலைன்னா அந்தப் பழைய லிஸ்ட்டுக்கே போங்க: வெளிர் நீலமோ வெள்ளையோ சட்டை, டார்க் பேன்ட், துடைச்ச ஷூ. பெண்கள்னா இஸ்திரி போட்ட சல்வாரோ குர்த்தாவோ, பேன்ட் சட்டையோ. சேலை கட்டிப் பழக்கம் இருந்தா சேலை. பழக்கம் இல்லாட்டி அன்னைக்குன்னு பார்த்து முயற்சி பண்ணாதீங்க. கோட்டும் டையும் கேட்டா ஒழிய வேண்டாம், மே மாசச் சென்னையில நிச்சயமா வேண்டாம்.

புதுசா எடுக்கக் காசில்லைன்னா ஃப்ரெண்டுகிட்ட வாங்கிக்குங்க. ஆனா முந்தின நாளே போட்டு, உட்கார்ந்து, நடந்து பாருங்க. கழுத்து இறுக்குற சட்டையும் காலைக் கடிக்கிற ஷூவும் உங்க பதிலையும் சேர்த்துக் கடிக்கும். கச்சிதமா இருக்கணும், சுத்தமா இருக்கணும், ப்ரம்மெல் சொன்ன அந்த ரெண்டுக்கும் மேல ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்கிச் செலவு பண்ணாதீங்க. அவர் கதை எப்படி முடிஞ்சதுன்னுதான் கேட்டீங்களே.

போய்ட்டு வந்ததும் அந்தச் சட்டையைத் துவைச்சு, அடுத்த வாரம் இன்டர்வியூ இருக்கிற ஜூனியருக்குக் கொடுங்க. டக்-இன் எப்படிப் பண்றதுன்னும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்க. ஆல் தி பெஸ்ட். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.