எல்க் மானும் இரண்டு துப்பாக்கிக்காரர்களும்

வேட்டைக் கதையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நானும் துப்பாக்கியைத் தொட்டவன் அல்ல. ஆனால் எல்க் மானைச் சுடப் பெரிய குண்டு வேண்டுமா, சிறியது போதுமா என்று அமெரிக்காவில் இரண்டு எழுத்தாளர்கள் பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டினார்கள். இரு தரப்பையும் ஃபைல் படிப்பதுபோலப் படித்தேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஐரோப்பாவில் எல்க் என்பது வேறு விலங்கு. பள்ளியில் நாங்கள் பிரெஞ்சில் 'எலான்' என்று படித்தது அதைத்தான். அமெரிக்கர்கள் அதை மூஸ் என்பார்கள். அமெரிக்க எல்க்குக்குப் பிரெஞ்சில் 'வாபிட்டி' என்று பெயர். 'வெண்மையான பின்புறம்' என்று பொருள்படும் பழங்குடிச் சொல் அது. நன்கு வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும்.

ஜாக் ஓ'கானர் (1902–1978) அரிசோனா பல்கலைக்கழகத்தில் இதழியல் பேராசிரியராக இருந்து, பிறகு 'அவுட்டோர் லைஃப்' பத்திரிகையில் துப்பாக்கிப் பகுதியின் ஆசிரியர் ஆனவர். வின்செஸ்டர் கம்பெனி 1925இல் கொண்டுவந்த .270 தோட்டாதான் அவருக்குச் செல்லப்பிள்ளை. எல்மர் கீத் (1899–1984) ஐடஹோ மாநிலத்தில் மாட்டுப்பண்ணை வைத்திருந்தவர். வேட்டைக்கு வந்தவர்களுக்கு வழிகாட்டியாகவும் போனவர். அவருக்கு .33 அங்குலத்துக்குக் குறைந்த எதுவும் எல்க்குக்குப் போதாது.

குண்டின் எடையை அவர்கள் 'கிரெயின்' கணக்கில் சொல்வார்கள். நம் பொற்கொல்லருக்குக் குன்றிமணி போல, அவர்களுக்கு அது வாற்கோதுமை மணியிலிருந்து வந்த அளவு. கிராமில் படித்த எனக்கு மாற்றிப் பார்த்தால்தான் விளங்கியது. .270இன் வழக்கமான குண்டு 130 கிரெயின், அதாவது சுமார் 8.4 கிராம், நொடிக்கு ஏறக்குறைய 930 மீட்டர் வேகத்தில் கிளம்பும். கீத் விரும்பிய 250 கிரெயின் குண்டு 16.2 கிராம், வேகம் அதைவிடக் குறைவு.

கீத்தின் வாதம் இது: மரங்களுக்கிடையே மான் விலா காட்டி நிற்காது, முதுகைக் காட்டி ஓடும். எந்தக் கோணத்திலும் எலும்பை உடைத்து உள்ளே போகக் கனமான குண்டுதான் வேண்டும். இல்லையேல் அது காயத்தோடு ஓடி எங்கோ புதரில் கிடந்து சாகும். ஓ'கானர் சொன்னது: பெரிய துப்பாக்கி தோளில் பலமாக உதைக்கும்; அந்த உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடுபவன் குறி தவறுவான். சிறிய குண்டானாலும் நுரையீரலில் பட்டால் மான் விழும்.

கீத் தன் நண்பர்களோடு சேர்ந்து .333 என்று ஒரு தோட்டாவையே உருவாக்கினார். அதே வழியில் 1958இல் வின்செஸ்டர் .338 மேக்னத்தை வெளியிட்டது. இன்றும் எல்க் வேட்டைக்காரர்கள் இந்த இரண்டு கட்சியாகத்தான் பிரிந்திருக்கிறார்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால், ஓ'கானர் பக்கமே சாய்வேன். கோணம் சரியில்லையா, சுடாமல் விட்டுவிடலாமே! ஆனால் காயம்பட்ட மானைப் பற்றிய கீத்தின் கவலையை ஒதுக்க மனம் வரவில்லை. இருவரும் வெவ்வேறு வாசல் வழியாக ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள்: உயிரை எடுப்பதானால் வதைக்காமல் எடு.

அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் இறைச்சிக்கும் தோலுக்கும் லட்சக்கணக்கில் எல்க் அழிந்தது. கடிகாரச் சங்கிலியில் கோத்துக்கொள்ள அதன் கோரைப்பல்லுக்காகக்கூடச் சுட்டார்கள். மிஞ்சியவற்றுக்காக 1912இல் வயோமிங்கின் ஜாக்சன் பள்ளத்தாக்கில் அரசாங்கம் சரணாலயம் அமைத்தது. 1937இல் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் வந்தது. வேட்டைத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் தயாரிப்பாளர் கட்டும் 11 சதவீத வரி, மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. இன்று வட அமெரிக்காவில் எல்க் ஏறக்குறைய 10 லட்சம்.

.270 வாங்கினாலும் .338 வாங்கினாலும், அந்த வரி மட்டும் ஒன்றுதான்.