அலுவலக அச்சுப்பொறியும் ஹெர்ஷலின் நீலமும்

ஒளிப்படத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கேமராவின் வரலாற்றைத்தான் எழுதுகிறார்கள். படம் தாளுக்கு வந்து சேர்ந்த கதை அடிக்குறிப்பாக ஒதுங்கிவிடுகிறது. அந்த அடிக்குறிப்பின் பக்கம் என்னைத் திருப்பியது எங்கள் துறை அலுவலகத்தின் கறுப்பு வெள்ளை லேசர் அச்சுப்பொறி. வினாத்தாளும் வருகைப் பட்டியலும் அச்சிட வாங்கிய பொறி அது. அதைக் கொண்டு 1842ஆம் ஆண்டு முறையில் ஒரு படத்தை அச்சிட முடியும் என்று ஒரு மாணவன் சொன்னபோது நான் நம்பவில்லை.

எனக்கு ஒரு தேவையும் இருந்தது. என் அப்பாயிக்கு ஒரே ஒரு படம்தான் உண்டு. திருமணமான புதிதில் ஊர் ஸ்டுடியோ ஒன்றில் எடுத்தது. அதன் கண்ணாடி நெகட்டிவ் இப்போது இல்லை. கடையை மூடியபோது, இருந்த நெகட்டிவ்களையெல்லாம் கழுவிச் சட்டத்துக்கு ஆகும் கண்ணாடியாக விற்றுவிட்டார்களாம். எஞ்சிய ஒரு பிரதியோ முகத்தின் இடப்பக்கத்திலிருந்து பழுப்பேறி, ஆண்டுக்கு ஆண்டு மங்கிக்கொண்டு வந்தது. ஸ்கேன் செய்து வைத்தாயிற்று. ஆனால் கணினிக்குள் இருக்கும் கோப்பைப் படம் என்று என் அப்பா ஒப்புக்கொள்வதில்லை.

மாணவன் சொன்ன முறைக்குச் சயனோடைப் என்று பெயர். கண்டறிந்தவர் சர் ஜான் ஹெர்ஷல். வானியலாளர், வேதியியலாளர். ஒளிப்படத்தில் ‘நெகட்டிவ்’, ‘பாசிட்டிவ்’ என்னும் சொற்களை வழக்குக்குக் கொண்டுவந்தவரும் அவரே. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்னும் இரண்டு உப்புகளின் கரைசலைக் கலந்து தாளில் பூசி, இருட்டில் உலர்த்த வேண்டும். பிறகு அதன்மேல் நெகட்டிவை வைத்து வெயிலில் காட்ட வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் இரும்பு உப்பு மாறிப் பிரஷ்ய நீலமாகிறது. படாத இடத்தில் மருந்து வெறும் தண்ணீரில் கரைந்து போய்விடுகிறது. இருட்டறையும் வேண்டாம், வெள்ளியும் வேண்டாம். ஒரு சமையலறையும் கிணற்றடியும் இருந்தால் போதும்.

இதை முதலில் புத்தகமாக்கியவர் அன்னா அட்கின்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி. 1843இல் தொடங்கிப் பத்தாண்டுகள் பிரிட்டனின் கடற்பாசிகளைத் தாளின்மேல் நேரடியாக வைத்து வெயிலில் அச்சிட்டார். படங்கள் மட்டுமல்ல, அந்நூலின் முன்னுரையும் பெயர்களும்கூட அவருடைய கையெழுத்திலேயே நீலத்தில் வெள்ளையாக விழுந்தவை. அச்சகத்தின் ஈய எழுத்தை நாடாமல், வீட்டிலேயே ஒருவர் நூலைப் படைத்து அச்சிட்டு அனுப்பினார் என்றால், இன்று நாம் வீட்டு அச்சுப்பொறியைப் பற்றிப் பெருமையடிப்பது சற்றுத் தாமதமானதுதான்.

இதே நீலம் 1870களில் அலுவலகத்துக்குள் நுழைந்தது. பொறியாளர்களின் வரைபடங்களைப் படியெடுக்கும் ‘புளூபிரின்ட்’ ஆனது. பின்னாளில் அதன் இடத்தை அம்மோனியா பிரின்ட் பிடித்துக்கொண்டது. வீட்டு வரைபடத்தை நகலெடுத்துக் காரமான வாசனையோடு சுருட்டிக் கொடுத்த கடைகள் நினைவிருப்பவர்களுக்கு இது புரியும். ஆக, சயனோடைப் ஒரு காலத்தில் அலுவலக அச்சு முறையாகவே வாழ்ந்தது. பிற்காலத்து அலுவலகப் பொறி அதற்குக் கைகொடுக்க வந்தது ஒரு வகையில் பழைய உறவைப் புதுப்பித்ததுதான்.

சிக்கல் ஒன்று இருந்தது. இத்தகைய பழைய முறைகள் எல்லாமே, அதாவது சயனோடைப்பும், 1873இல் வில்லியம் வில்லிஸ் காப்புரிமை பெற்ற பிளாட்டின அச்சும், கோந்து அச்சும், புற ஊதாக் கதிரை மட்டுமே பெரிதும் மதிப்பவை. பெரிதாக்கும் கருவியின் மெல்லிய விளக்கொளி இவற்றுக்கு ஒரு பொருட்டே அல்ல. எனவே படம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய நெகட்டிவைத் தாளோடு ஒட்டி வைத்தாக வேண்டும். ஒன்று, பெட்டிபோல் பெரிய கேமராவைச் சுமக்க வேண்டும். அல்லது சிறு நெகட்டிவிலிருந்து இருட்டறையில் இரண்டு முறை படியெடுத்துப் பெரிய நெகட்டிவ் செய்ய வேண்டும். இரண்டாவது வழியில் ஒவ்வொரு படியிலும் நுணுக்கம் கொஞ்சம் கொட்டிப் போகும். ஏடு பெயர்த்தெழுதியவர்களின் பிழைகளோடு பழகிய எங்களைப் போன்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தயாராகக் கிடைத்த வெள்ளித்தாள் இருந்தவரை யாரும் இதற்கெல்லாம் மெனக்கெடவில்லை. நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் பிலிமும் தாளும் தந்தது. இன்று அந்த ஆலை இயங்கவில்லை. ஜெர்மனியின் அக்ஃபா போட்டோ 2005இல் நொடித்தது. கோடாக் 2012இல் திவால் பாதுகாப்பை நாடியது. ஆலையில் செய்த பொருளை நம்பிய கலை, ஆலை மூடினால் நின்றுவிடுகிறது. இரும்பு உப்புக்கு அந்தக் கவலை இல்லை. அதைப் பூசுவது நம் கை.

மிச்சமிருந்தது நெகட்டிவ் மட்டும்தான். அதற்கு வழி சொன்னவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான டான் பர்க்கோல்டர். கணினியில் நெகட்டிவ் செய்து நேரடியாகப் படியெடுக்கும் முறையை விளக்கும் அவருடைய நூல் 1995இல் வந்தது. தொடக்கத்தில் இதற்கு அச்சகங்களின் பெரிய பிலிம் பொறிகள் தேவைப்பட்டன. ஆனால் 1994இலேயே எப்சன் நிறுவனம் அங்குலத்துக்கு 720 புள்ளிகள் இடும் வண்ண மைப்பொறியை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்திருந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் மைப்பொறியில் ஒளிபுகும் தாளைச் செருகி நெகட்டிவ் எடுப்பது பரவியது.

அங்கேதான் ஒரு விந்தை தெரிந்தது. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் மை, புற ஊதாக் கதிரை முழுவதும் தடுக்க வேண்டும் என்பதில்லை. கண்ணுக்கு வெளிறித் தெரியும் ஆரஞ்சோ பச்சையோ அதைவிட நன்றாகத் தடுத்துவிடலாம். ஆகவே ஒவ்வொருவரும் தம் பொறியின் மைகளை வரிசையாக அச்சிட்டு, வெயிலில் காட்டி, எந்த நிறம் எவ்வளவு தடுக்கிறது என்று அட்டவணை போட்டார்கள். நம் கண்ணை நம்பாமல் சூரியனின் கண்ணால் பார்க்கப் பழகினார்கள் என்று சொல்லலாம்.

லேசர் பொறியின் கதை வேறு. செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் எடுத்த முதல் உலர்படியின் வழியில் வந்தது அது. மின்னேற்றிய பரப்பில் ஒளி பட்ட இடம் மின்னை இழக்க, அந்த வேறுபாட்டை ஒட்டித் தூள் படிகிறது. அதாவது, துறை அலுவலக மூலையில் நின்ற அந்தப் பொறியே உள்ளுக்குள் ஓர் ஒளிப்படக் கருவிதான். அதன் டோனரில் இருக்கும் கரி புற ஊதாக் கதிரை நன்றாக மறைக்கும். குறை என்னவென்றால் சாம்பல் நிறங்களை அது புள்ளிகளாகத்தான் காட்டும். அடர்ந்த கறுப்பில் ஊசித்துளைகள் விழும்.

எல்.சி.டி. புரொஜெக்டர் வந்த பிறகு அலமாரியில் கிடந்த ஓ.எச்.பி. தாள்களில் அப்பாயியின் படத்தை நிறம் மாற்றி, இடவலம் திருப்பி அச்சிட்டோம். முதல் படி தோல்வி. முகம் முழுக்கச் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கன்னத்தில் நீலப் புள்ளிகள் அம்மைத் தழும்புபோல் விழுந்திருந்தன. என் அப்பா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

அப்போதுதான் பழைய வரலாறு உதவியது. டால்பட் 1841இல் காப்புரிமை பெற்ற கேலோடைப்பின் நெகட்டிவ் வெறும் காகிதம். காகித நார் படத்தில் தெரியாமலிருக்க அதற்கு மெழுகூட்டுவார்கள். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், மதுரையையும் தஞ்சையையும் 1858இல் இப்படிப்பட்ட காகித நெகட்டிவ்களில்தான் பதித்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டிய அவருடைய சுருள் ஏறத்தாழ 19 அடி நீளம். வெளுத்துப் போன வானத்தில் மேகங்களைத் தூரிகையால் நெகட்டிவிலேயே தீட்டியவரும் அவர்தான். கணினியில் படத்தைத் திருத்துவது மோசடி என்று முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு நான் டிரைப்பின் மேகங்களைத்தான் காட்டுவேன்.

எனவே ஓ.எச்.பி. தாளை விட்டோம். வினாத்தாள் அச்சிடும் சாதாரணக் காகிதத்திலேயே நெகட்டிவை அச்சிட்டு, பின்பக்கம் தேங்காயெண்ணெய் தடவி, துணியால் ஒற்றி எடுத்தோம். காகிதம் ஒளிபுகத் தொடங்கியது. நார்களினூடே ஒளி சிதறியதால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்தன, துளைகள் மறைந்தன. முகத்தின் நிறங்களைக் கணினியில் அடர்த்தி குறைத்து ஐந்தாறு முறை திருத்தினோம். மொட்டை மாடியில் கண்ணாடிக்கடியில் வைத்து இருபது நிமிட வெயில். பிறகு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர். மஞ்சள் கரைந்து ஓட, முதலில் காதின் தோடும், பிறகு கண்களும் தெளிந்து வந்தன.

அப்பா இந்த முறை அதைக் கையில் வாங்கி, ஈரம் காயும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். ‘அம்மா ஏன் நீலமா இருக்காங்க?’ என்று மட்டும் கேட்டார். கூடத்தில் மாட்ட ஆசைப்பட்டார்; மாட்டினோம். எதிர்ச் சன்னல் வெளிச்சத்தில் ஆறு மாதத்தில் நீலம் சற்று வெளிறியது. இந்த நீலத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒளியில் வெளிறியதை இருட்டில் காற்றுப்பட வைத்தால் பெருமளவு திரும்பப் பெற்றுக்கொள்ளும். சோப்பும் சுண்ணாம்பும் மட்டும் ஆகாது. இப்போது அப்பா மாதத்தில் பாதி நாள் அதைக் கழற்றிப் பீரோவுக்குள் வைக்கிறார். எடுத்து மாட்டும் நாளைக் காலண்டரில் குறித்துக்கொள்கிறார்.